ரெனெல் ஏறிய பேருந்து

நியூ ஆர்லியன்ஸில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "எந்த ஸ்கூல்ல படிச்சே?" என்பதுதான். எதிர்வீட்டு ரெனெலிடம் மட்டும் அதைக் கேட்டால், பேச்சை மாற்றிவிடுவாள். கூரை ஒழுகி, பாதிப் பாடத்துக்கு வாத்தியாரே இல்லாத பள்ளியில் படித்தவள். அதனால்தான், எங்கள் தெருப் பள்ளியை மூடிவிட்டு, ஊரெல்லாம் அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் சார்ட்டர் பள்ளிகள் வந்தாயிற்று, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது அவள் கைதட்டினாள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"பக்கத்துல இருந்ததைச் சரிபண்ணத் துப்பில்ல. பிள்ளை போற பள்ளிக்கே பணமும் போகுமாம்! என்ன, பிள்ளையா, சந்தைச் சரக்காடி?"

"உங்க காலத்துக் கதையை விடுங்க, மிஸ் ஓடெட். என் பிள்ளைங்களுக்கு நான் நல்லதாப் பார்த்து எடுப்பேன்."

பார்த்துப் பார்த்துத்தான் விண்ணப்பித்தாள். ஆனால் இடம் ஒதுக்குவது கணினிக் குலுக்கல். பத்து வயது மகள் ஜெனேவுக்கு ஊரின் மேற்குக் கோடியில் 'ஏ' தரப் பள்ளி கிடைத்தது. அங்கே சின்ன வகுப்பு நிரம்பிவிட்டதால், ஆறு வயது மகன் கோரிக்குக் கிழக்குக் கோடியில் 'டி' தரப் பள்ளி.

கோரி, அக்கா கையை விடாத பிள்ளை. தனியாகப் போகமாட்டேன் என்று வாந்தி எடுக்கும் அளவுக்கு அழுதான். ஜெனே தன் இடத்தை விட்டுக்கொடுத்தால் இருவரையும் 'டி' பள்ளியிலேயே சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

பாவம், ரெனெல் தூக்கமே இல்லாமல் அலைந்தாள். கடைசியில், "உன் இடத்தை எவளுக்கும் விடமாட்டேன்டி" என்று மகளைக் கட்டிக்கொண்டாள். ஓட்டல் வேலையை உதறிவிட்டு, கோரியின் பேருந்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். சம்பளம் குறைவு. ஆனாலும் கெட்டிக்காரி என்று நானே மெச்சினேன்.

பள்ளி திறந்த அன்று, விடியுமுன் கோரியின் பேருந்துதான் முதலில் வந்தது. ரெனெல் மகளுக்கு முத்தம் கொடுத்து, "மிஸ் ஓடெட், இவளைக் கொஞ்சம் பார்த்துக்கங்க!" என்று கத்திவிட்டு ஏறினாள். கோரி ஜன்னல் வழியே சிரித்துக் கையாட்டினான்.

நான் காபிக் கோப்பையோடு தெருமுனைக்குப் போய் ஜெனே பக்கத்தில் நின்றேன்.

"சமர்த்துப் பொண்ணு பேபி நீ. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பியா?" என்றேன். அவளைப் பாராட்டுவதாக எனக்கு நினைப்பு.

அவள் தன் பேருந்து வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ் ஓடெட், எனக்கும் பயமா இருக்குன்னு அழுதிருந்தா, அம்மா என் பஸ்ல வேலைக்கு வந்திருப்பாங்களா?"