செல்வியின் பஸ்ஸில் எருமப்பட்டிக்கு

எங்கள் பல்கலைக்கழகப் பராமரிப்புத் துறையில் வருடம் ஒரு சுற்றுலா உண்டு. பஸ், மின்சாரம், தண்ணீர், தோட்டம், துப்புரவு என்று எல்லோரும் போவோம். ஆனால் துப்புரவுப் பெண்களுக்கு பஸ்ஸில் கடைசி வரிசை, சாப்பாட்டில் கடைசிப் பந்தி. இந்தப் பொங்கல் விடுமுறையில் அதை மாற்றியே தீருவதென்று சீட்டுக் குலுக்கிப் போட்டு உட்கார்ந்தோம். எனக்கு டயருக்கு மேல் இடம். சமத்துவம் இடுப்பை ஒடிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது!

அதைவிடப் பெரிய மாற்றம், ஓட்டியது செல்வி. எங்கள் துறையின் முதல் பெண் ஓட்டுநர். சேர்ந்து எட்டு மாதமாகியும் வளாகத்துக்குள் ஓடும் வேனைத்தான் கொடுத்திருந்தார்கள். ஓட்டுநர்களுக்கு வேலை பிரிக்கும் பழனிசாமி அண்ணன், “இன்னிக்கி பஸ்ஸ நல்லபடியா கொண்டாந்துருங்க, திங்கக்கெழமையிலிருந்து ரூட்டு தாரனுங்க” என்றிருந்தார். ஒரு கீறல் விழுந்தாலும் மறுபடி வேன்தான். (ஆண்கள் யாருக்கும் இப்படியொரு பரீட்சை வைத்ததாக எனக்கு நினைவில்லை.)

காலை ஆறரைக்குச் சேலத்தில் கிளம்பினோம். முதலில் பனமரத்துப்பட்டி ஏரி. தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். பிறகு நாமக்கல்லில் இட்லி. நெடுஞ்சாலையில் பஸ் அலுங்காமல் போனதில் பாதிப் பேர் குறட்டை விட்டார்கள்.

மதியச் சாப்பாடு எருமப்பட்டி தாண்டி, எங்கள் எலக்ட்ரீஷியன் தங்கவேல் தோட்டத்தில். தோட்டத்துக்குள் போகும் தடத்துக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் கம்பி வேலி. உள்ளே திருப்ப இடமில்லாததால் ரிவர்ஸில்தான் போக வேண்டும். எல்லோரும் இறங்கினோம். வந்தது வினை. இறங்கியவர்களில் ஐந்து பேர் ஓட்டுநர்கள். ரிவர்ஸ் வரும் வண்டியைப் பார்த்து எந்த ஓட்டுநரும் வாயை மூடி நின்றதாகச் சரித்திரமே கிடையாது.

“லெப்ட்ல ஒடிங்க!”

“ஏனுங்க, ரைட்டுங்க ரைட்டு!”

“வரட்டும், வரட்டும்...”

“அய்யய்யோ, நில்லுங்க!”

பின்சக்கரம் வாய்க்கால் கரையில் ஏறி மண் சரிந்தது. போச்சு, அவள் ரூட்டு போச்சு என்றே நினைத்தேன்.

செல்வி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். “அண்ணா, அஞ்சு பேருமே நல்லா ஓட்றவங்கதானுங்க. ஆனா பஸ்ஸு ஒன்னுதானுங்களே!” என்றவள், எங்களோடு வந்திருந்த, காது கேளாத வளாகத் தோட்டக்காரர் முருகனைக் கைகாட்டி அழைத்தாள். “எஞ்சின் சத்தத்துல உங்க பேச்சு ஒன்னுமே புரியலைங்க. அவரு கை கண்ணாடியில நல்லாத் தெரியும்.”

முருகன் பின்னால் போய் நின்றார். செல்வி பஸ்ஸைக் கொஞ்சம் முன்னால் எடுத்து நேராக்கிக்கொண்டு மறுபடி ரிவர்ஸில் வந்தாள். விரித்த கை வா என்றது, சாய்ந்த கை திருப்பு என்றது. ஐவரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பார்க்கக் கண்கோடி வேண்டும். முருகன் நிறுத்து என்று விரல்களை மடக்கியபோது பஸ் வேப்பமர நிழலில் இருந்தது. ஒரு கீறல் இல்லை. நாங்கள் போட்ட விசிலில் தங்கவேல் வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. அத்தனை பேரும் ஒரே பந்தியில் உட்கார, பழனிசாமி அண்ணனே கோழிக்குழம்பு ஊற்றினார்.

போகிறவர்களுக்கு: சாப்பாட்டோடு ஆளுக்கு நானூறு ரூபாய் ஆனது. இடுப்புவலிக்காரர்களுக்கு முன்சீட்டை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் குலுக்குங்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்பது மட்டும் நியாயமாகிவிடாது.

இரவு ஏழரைக்கு வளாகத்தில் இறங்கியதும் பழனிசாமி அண்ணன், “திங்கக்கெழம இளம்பிள்ளை ரூட்டு உங்களுதுங்க. மொத நாளு, சீனியர் ஒருத்தர கூட அனுப்பட்டுங்களா?” என்றார்.

“தாராளமா வரட்டுங்கண்ணா” என்றாள் செல்வி. “சன்னலோரமா உக்காந்து வேடிக்க பாத்துட்டு வரட்டும்!”