மிளகாய் வறுபட்ட அன்று வந்த இன்ஸ்பெக்டர்

போன வாரம் செபராங் ஜெயாவிலிருந்து என் அண்ணன் மகள் வந்திருந்தாள். அவளும் என்னைப் போல ஆசிரியைதான். கை நிறைய வண்ண அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, "அத்தே, இனிமே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பாடமாம். அதது வேகத்துக்கு அதது படிக்கணுமாம். புதுத் திட்டம்லா" என்றாள். நான் அப்போது சம்பல் அரைக்க வரமிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். நெடி ஏறித் தும்மினேன், தும்மலுக்கு நடுவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. திட்டத்தைக் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவள் கோபத்தில் கேட்காமல் போன கதையை உங்களிடமாவது சொல்கிறேன்.

முப்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. பினாங்குக் கடைத்தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மசாலா மில்லின் மாடியில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம். பலகைத் தரை. பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடைவெளி. கீழே என்ன அரைக்கிறார்களோ அதுதான் எங்களுக்குக் காற்று. திங்களன்று மஞ்சள். புதனன்று மல்லி, அன்றைக்கு முழுக்கப் பசிக்கும். செவ்வாயும் வியாழனும் மிளகாய். அந்த இரண்டு நாளும் எப்படிப் போகும் என்று நான் சொல்லவேண்டுமா?

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் என்றால் சத்தம். என் அறையில் ஒன்றிலிருந்து நாலாம் வகுப்புவரை இருந்த நாற்பது பிள்ளைகளும் ஒரே பாடத்தை ஒரே குரலில் கத்தவேண்டும். அப்பா அம்மாக்கள் சந்தில் நின்று காது கொடுத்துக் கேட்பார்கள். கூரை அதிர்ந்தால் வாத்தியார் கெட்டிக்காரர். என் குரலோ பக்கத்து நாற்காலிக்கே கேட்காது. இருந்தாலும் முதல் செவ்வாயன்று வாயைத் திறந்து, "எல்லாரும் சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான். நாற்பது பேரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள், நாற்பது பேரும் தும்மினார்கள். ஒருவன் மூக்கு ஒழுகியதில் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டே அழிந்துபோயிற்று.

வாயைத் திறக்காமல் படிக்க வழி வேண்டுமே. பழைய ரொட்டி டின் ஒன்றைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு பிள்ளை பெயருக்கும் ஒரு நூல், நூலில் கோத்த துண்டுச் சீட்டுகள், சீட்டுக்கு ஒரு பாடம். ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அவரவர் சீட்டை உருவி, சிலேட்டில் எழுதி, அதை முன்பே முடித்த பிள்ளையிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் தெரியாவிட்டால் மட்டும் என்னிடம் வரலாம். பெரிய யோசனை என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள், தும்மலுக்குப் பயந்து செய்த வேலை.

ஆனால் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். சலவைக்காரர் மகள் பாக்கியம் என்று ஒரு குட்டி. ஏழு வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் கண்ணில் தண்ணீர் நிற்கும். கணக்கில் மட்டும் புலி. அவளுக்குச் சீட்டில் வேட்டியும் சட்டையும் வைத்தே கணக்கு எழுதிப் போட்டேன். நான் எழுதி மாளவில்லை. மிளகாய் நாள் எப்போது வரும் என்று மஞ்சள் நாளிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

பெரிய வாத்தியாருக்குத்தான் வயிற்றெரிச்சல். அடுத்த அறையில் மேல் வகுப்புகளை வைத்துக்கொண்டு கத்திக் கத்தித் தொண்டை கட்டியவர். "சந்துல கேக்குறாங்கம்மா, சத்தத்தையே காணோம், லீவான்னு. இன்ஸ்பெக்டர் தொரை வர்றாரு. ஒரு குரலா வாசிக்கணும். இல்லன்னா உங்களைத் தற்காலிகமா எடுத்த மூணு மாசத்தோட வேலை சரி" என்றார்.

வேலை போனால் எனக்கு என்ன ஆகும் தெரியுமா? நிபோங் திபாலில் என் அண்ணன், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணியை எனக்குப் பேசி வைத்திருந்தார். வேலை நிலைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளி வைப்பதாக வாக்கு. அந்த மனிதரைக் குறை சொல்லக்கூடாது, ஆனால் ரப்பர் பாலைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு பேச்சே கிடையாது. எனக்கு நினைத்தாலே அழுகை வந்தது.

ஆகவே டின்னைத் தூக்கி மேசைக்கடியில் தள்ளினேன். ஒரு வாரம் ஒரே பக்கம், ஒரே குரல். இன்ஸ்பெக்டர் வருவது செவ்வாய் என்று தெரிந்ததும் மில்லுக்கார நானாவிடம் ஓடினேன். நல்ல மனிதர். "கவலைப்படாதம்மா, அன்னைக்கு மெஷின் ஓடாது. இது என் வாக்கு" என்றார்.

வாக்குத் தவறவில்லை. மெஷின் ஓடவில்லை. துரை படியேறி வந்தார், பெரிய வாத்தியார் பின்னாலேயே வந்தார், நான் கையைக் காட்டினேன், நாற்பது வாய்கள் திறந்தன. முதல் வரி கணீரென்று போயிற்று. இரண்டாவது வரியில் பலகை இடுக்குகளிலிருந்து ஒரு நெடி கிளம்பியது பாருங்கள். நானாவின் ஆட்கள், அன்று நின்றுபோனதை மறுநாள் அரைக்கவென்று, பெரிய இரும்புச் சட்டியில் மூட்டை மிளகாயைக் கொட்டி வறுத்துக்கொண்டிருந்தார்கள். அரைப்பதைவிட வறுப்பது பத்து மடங்கு. முதலில் தும்மியது துரைதான். பிறகு பெரிய வாத்தியார், தலைப்பாகை கீழே விழும்படி. நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, நிபோங் திபால் ரயிலைக் கண்முன் பார்த்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் அறை நிசப்தம். நாற்பது மூக்கிலும் துணி. யாரோ டின்னை வெளியே இழுத்திருக்கிறார்கள். அவரவர் சீட்டு, அவரவர் சிலேட்டு. ஒரு குழந்தைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

துரை சென்னையில் தமிழ்ப் பரீட்சை எழுதியவர். சிவந்த மூக்கோடு பாக்கியத்திடம் குனிந்து, "சிறுமியே, நீ எந்த வகுப்பில் கற்கிறாய்?" என்றார்.

அவள் துணியை இறக்கினாள். "கணக்குல நாலுங்க தொரை. வாசிப்புல ஒண்ணு. அந்த அண்ணன் வாசிப்புல நாலு, கணக்குல ஒண்ணு. நாங்க மாத்தி மாத்திச் சொல்லிக் குடுத்துக்குவோம்." சொல்லிவிட்டுத் துணியை மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

துரை பிள்ளை பிள்ளையாகப் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம். என் கைக்குட்டையும் பெரிய வாத்தியாரின் துண்டும் அவரிடம்தான் இருந்தன. சாயங்காலம் நானாவிடம் சண்டைக்குப் போனால், "அரைக்கலையேம்மா, வறுக்கத்தானே செஞ்சோம்" என்கிறார்.

அறிக்கை வந்தது. என் வேலை நிலைத்தது. ஃபெர்ரியில் வந்திறங்கிய அண்ணனிடம் அதைக் காட்டியபோது, நான் குதித்த குதியில் செருப்பு அறுந்துவிட்டது. கடைசி வரியை மட்டும் நான் சரியாகப் படிக்கவில்லை. பாடம் மிக நன்று, இடம்தான் சுவாசிக்கத் தகுதியற்றது, உடனே வேறு கட்டடம் வேண்டும் என்று துரை எழுதியிருந்தார்.

ஆறு மாதத்தில் புதுக் கட்டடம். செங்கல் சுவர், சிமெண்டுத் தரை, நல்ல காற்று. "இனி என்னம்மா தடை" என்றார் பெரிய வாத்தியார். ஒரு தடையும் இல்லைதான். ஒரே குரலில் கத்தினோம், தெருவில் பெற்றோர் பூரித்துப் போனார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேலை நிலைத்த தெம்பில் என் குரலும் நன்றாகவே ஏறியிருந்தது. வாசிப்பை மட்டும் பார்த்துப் பாக்கியத்தை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று அந்த மில் துணிக்கடை. டின் எங்கே போனதென்று தெரியாது. நானா, துரை, பெரிய வாத்தியார் ஒருவரும் இல்லை. புதுக் கட்டடத்துக்குப் போன முதல் செவ்வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. பாக்கியம் ஈரத் துணியை மூக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து, காலியாக இருந்த என் மேசைக்கடியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்கதான் நெடியே இல்லையே பாப்பா" என்றேன்.

"இன்னைக்குச் செவ்வாக்கெழமைங்க டீச்சர்" என்றாள்.