உள்ளுக்குப் போனால் நான் உங்களுக்கு என்ன முறை?

செத்துப்போன ராசாக்களைக் காட்டி, உயிரோடு இருக்கிற சனத்திடம் வயிறு வளர்க்கிற தொழில் என்னுடையது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாரிஸில் லா சப்பல் மெட்ரோவுக்குப் பக்கத்தில், சேலைக்கடை மூலையில், ஒரு வெள்ளை வான் வண்டியும் அதில் சாய்ந்தபடி ஒரு தொப்பிக்காரனும் நின்றால் அது நான்தான். லண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்கி, "வெர்சாய் அரண்மனையைக் காட்டுங்கோ" என்று உங்களுடைய ஒரே லீவு நாளைக் கேட்டிருந்தால் நீங்களும் என் கட்சி. உங்களுக்குப் பதிலாக அந்தத் துன்பத்தை நான் கூலிக்குச் சுமக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சரித்திரம் படித்தவன் அல்ல. பதினெட்டு வருடம் ரெஸ்டோரண்டுகளில் கோப்பை கழுவி, முதுகு போனபிறகு வான் வாங்கினேன். எனக்குத் தெரிந்த சரித்திரம் முழுவதும் என் மகள் சோபி லிசே உயர்பள்ளியில் படித்த புத்தகத்திலிருந்து வந்தது. அதில் வரம்பில்லாத முடியாட்சி என்ற பாடத்தை அவள் ஊதா மையால் கோடு கோடாக இழுத்து வைத்திருந்தாள். ராசா கடவுள் ஒருவருக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற வரிக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில், பிரெஞ்சில் எழுதியிருந்தாள்: "அப்பாவைப் போல." முதல் தடவை வாசித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பெரியப்பா

அரண்மனைக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய் விளக்கம் சொல்வதற்கு ஓர் அட்டை வேண்டும். அட்டைக்குப் படிப்பு வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. ஆகவே வாசலில் டிக்கெட் காட்டும் வரைக்கும்தான் நான் சாரதி. வாசலைத் தாண்டினால் வந்த குடும்பத்தில் ஒருவன். குடும்பத்தில் ஒருவன் தன் ஆட்களுக்கு ராசா கதையைக் காதுக்குள் சொன்னால் யார் தடுக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறேன். அதனால் வரிசையில் நிற்கும்போது எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பேன்: "உள்ளுக்குப் போனா நான் உங்களுக்கு என்ன முறை?"

மாமா, சித்தப்பா, அத்தான், எல்லாம் ஆகியிருக்கிறேன். புதிதாகக் கலியாணம் செய்த ஒரு பிள்ளை என்னை அண்ணை என்று கூப்பிட்ட கையோடு கைப்பையையும் தண்ணீர்ப் போத்தலையும் என் தோளில் மாட்டிவிட்டுப் படம் எடுக்கப் போய்விட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. காலை ஒன்பதரையிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை எனக்கு ஒரு குடும்பம் இருக்கும். திரும்பி லா சப்பலில் இறக்கிவிட்டால் மறுபடியும் சாரதி. இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில்களில் மிக உண்மையானது லண்டன் அம்மா ஒருவருடையது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெரியப்பா எண்டு சொல்லுவம். எங்கட பெரியப்பாவும் இப்பிடித்தான், ஒருத்தரும் கேக்காமலே கதைச்சுக்கொண்டிருப்பார்."

கண்ணை மூடிக்கொண்டு கிடந்த பெடியன்

போகும்போது ராசாக்களின் ஏறுமுகம், வரும்போது இறங்குமுகம். வானில் என் கணக்கு அதுதான். ஏறுமுகத்தை நான் ஒரு பன்னிரண்டு வயதுப் பெடியனில் தொடங்குவேன். பதினான்காம் லூயி ராசாவாகியும் ராசாவாகாத வயது. பாரிஸ் குழம்பிக் கிடக்கிறது. தாய் அவனை நகரத்துக்கு வெளியே கடத்திவிட்டாள் என்று ஒரு கதை பரவ, சனம் அரண்மனைக்குள் புகுந்துவிட்டது. தாய் படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டாள். பயணத்துக்கு உடுத்த உடுப்போடு பெடியன் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். முன்பின் தெரியாதவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வளர்ந்தபிறகு அவன் பாரிஸை நம்பவில்லை. பிரபுக்களை அதைவிட நம்பவில்லை. சதுப்பு நிலத்தில் தகப்பன் கட்டிய வேட்டை வீட்டை மாளிகையாக்கி, எல்லோரையும் தன் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

அன்றைக்கு முன் இருக்கையில் இருந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து முதல் தடவையாக வந்தவர். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். கதை முடிந்து இரண்டு சிக்னல் தாண்டியபிறகு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கட வீட்டுக்கும் ஒருநாள் வந்து பாத்தவங்கள். நானும் அப்பிடித்தான் கிடந்தனான். என்ன, நான் ராசாவா வரேல்லை."

சேட்டுப் போடுவதைப் பார்க்க நூறு பேர்

ராசாவின் படுக்கையறையில்தான் சனம் அதிகம் சிரிக்கும். அவர் எழும்பும்போது பார்ப்பதற்கு நூறு பேர் வரை கூடியிருப்பார்கள். சொந்தப் படை வைத்துச் சண்டை பிடித்த குடும்பங்களின் வாரிசுகள், இன்றைக்கு ராசா உடுத்தப்போகிற சேட்டை யார் நீட்டுவது, மெழுகுதிரியை யார் பிடிப்பது என்று அடிபட்டுக்கொண்டார்கள். அவர் முன்னால் உட்கார்ந்து இருப்பதற்கு உரிமை வேண்டும். முதுகு சாயக்கூட முடியாத ஒரு முக்காலியில் இருக்கிற அந்த உரிமைக்காகச் சீமாட்டிகள் வருடக்கணக்காக ஏங்கினார்கள். நாட்டைப் பிடித்து வைத்திருந்தது பீரங்கி மட்டுமல்ல, அந்த முக்காலியும்தான் என்று நான் சொல்வேன். இது புத்தகத்தில் இல்லை, என் சொந்தச் சரக்கு.

டொரொண்டோவிலிருந்து வந்த ஓர் அம்மா அந்த அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டார். தங்க வேலி, உள்ளே கட்டில், வெளியே பேசாமல் நிற்கிற சனம். பார்த்தவுடன் கை தானாகச் செருப்புக்குப் போய்விட்டது என்றார். காவலுக்கு நின்ற பெண் என்னவென்று கேட்டாள். இவரின் மருமகன் என்ற முறையில் நான் விளக்கினேன். அந்தக் காலத்தில் ராசா இல்லாத வெறும் கட்டிலுக்கே ஆட்கள் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள், இந்த அம்மா ஒருவர்தான் இன்றைக்கு ஒழுங்காக நடந்துகொண்டவர் என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அம்மாவுக்குச் சேட்டுக் கதையைச் சொல்லும்போது எனக்கு, நான் குடியிருக்கிற சார்செலில் என் காலைப்பொழுது ஞாபகம் வந்தது. பன்னிரண்டாம் மாடி, மூன்று அறை, ஓர் ஆள். நான் எழும்பினேனா இல்லையா என்பது லிஃப்டுக்கு மட்டும்தான் தெரியும். நூறு பேரோடு எழும்பியவர் கொடுத்துவைத்தவர் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "நூறு பேர் நிண்டவை, சரி. தேத்தண்ணி குடிச்சிட்டியளோ எண்டு ஒருத்தராவது கேட்டவையோ?"

லண்டன்காரரின் பெருமை

வெளிநாட்டுத் தமிழருக்கு எந்த விடயத்திலும் தங்கள் நாடு முந்தியிருக்க வேண்டும். திரும்பி வரும்போது நான் இறங்குமுகத்தைத் தொடங்கினேன். யுத்தச் செலவு, பஞ்சம், வரி, சாப்பிடப் பாண் இல்லையென்று பாரிஸ் பெண்கள் மழையில் வெர்சாய்க்கு நடந்து வந்து ராசா குடும்பத்தையே கையோடு கூட்டிக்கொண்டு போனது, கடைசியில் பதினாறாம் லூயியின் தலை. பின் இருக்கையில் அரை நித்திரையில் கிடந்த லண்டன்காரர் தலை என்றதும் விழித்துவிட்டார். ஆங்கிலேயர் தங்கள் ராசாவின் தலையை இதற்கு நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்களாம். ஏதோ தானே கோடரியைத் தீட்டிக் கொடுத்தவர் மாதிரி நிமிர்ந்து இருந்தார்.

பிறகு அந்த ராசாவின் மகனையே கூப்பிட்டு முடி சூட்டினீர்களே என்று நான் மடக்கினேன். அவர் அசரவில்லை: "ஓம், கூப்பிட்டனாங்கள்தான். கோவம் ஆறினாப் பிறகு கூப்பிடாட்டி அது என்ன குடும்பம்?"

முத்திரை வைத்த கடிதம்

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ராசா கையெழுத்திட்டு முத்திரை வைத்த ஒரு கடிதம் போதும், விசாரணை இல்லாமல் ஓர் ஆளை அடைத்துவைக்கலாம், நாடு கடத்தலாம். கூடுதல் சங்கதி என்னவென்றால், தகப்பன்மாரே போய் விண்ணப்பம் கொடுத்து, சொல் கேளாத தங்கள் பிள்ளைகளுக்கு எதிராக அந்தக் கடிதத்தை எழுதுவித்தார்கள். மேலே ஒரு ராசா, வீட்டுக்கு வீடு ஒரு ராசா.

நானும் அப்படி ஒரு கடிதம் எழுதியவன். மூன்று வருடத்துக்கு முன் சோபி தான் விரும்பிய பொடியனைக் கட்டப்போகிறேன் என்றாள். எங்கள் பக்கத்து ஊர்ப் பொடியன், எங்கள் மொழி, எங்கள் கோயில். பிறகு எதை மனதில் வைத்துக்கொண்டு நான் மறுத்தேன் என்று உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அவள் கட்டிக்கொண்டாள். நான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "இன்றிலிருந்து எனக்கு மகள் இல்லை. அவள் என் வாசல் மிதிக்கக் கூடாது" என்று போட்டேன். சித்தப்பன்மாரும் மச்சான்மாரும் வரிசையாகப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அடுத்த வருடம், அவர்கள் குடியிருந்த பொண்டியில், சோபிக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளையின் முப்பத்தொண்டாம் நாள் கழிய வருகிறேன் என்று போன மனைவி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள்.

அரண்மனைத் தோட்டத்தில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு கடிதக் கதையைச் சொன்னேன், ராசா கதையை மட்டும். கேட்டுக்கொண்டிருந்தவள் ஆர்ஜொந்தெயிலிருந்து வந்த மன்னார்ப் பிள்ளை, சோபியின் வயது, கழுத்தில் சிலுவை, அன்றைக்கு என்னை மாமாவாக்கியவள். அப்படிக் கடத்தப்பட்டவர் திரும்பி வருவதற்கு என்ன வழி என்று கேட்டாள். எழுதின ராசாவே ரத்துச் செய்யவேண்டும், வேறு ஒருவராலும் முடியாது என்றேன். அவள் கத்தரிக்காய்க் கறியை என் பக்கம் தள்ளிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப உள்ளுக்கு அடைபட்டுக் கிடந்தது ஆர், மாமா, எழுதினவரோ, வாங்கினவரோ?"

ஒரே குழி

லா சப்பலில் எங்கள் கடைகள் இருக்கிற தெருவால்தான் முந்தி ராசாக்கள் பாரிஸுக்குள் பவனி வந்தார்கள். இப்போது அந்தப் பக்கத்தில் பவனி வருகிறவர் பிள்ளையார். ராசாக்களின் கல்லறைகள் சார்செலுக்குப் போகிற வழியில், சாந்தெனி தேவாலயத்தில் இருக்கின்றன. சுவிஸ்காரர் ஒருவர் அதையும் பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றதால் கூட்டிக்கொண்டு போனேன். புரட்சியின்போது கல்லறைகளைத் திறந்து எலும்புகளைக் குழியில் கொட்டி மூடிவிட்டார்கள். பிறகு திரும்பத் தோண்டியபோது எது யாருடையது என்று பிரிக்கமுடியாமல் ஒன்றாக வைத்தார்கள். ஒருவர் முன்னால் ஒருவர் இருக்க உரிமை இல்லாதவர்கள், இப்போது ஒருவர் மேல் ஒருவர்.

சுவிஸ்காரர் மனைவியை இழந்தவர், தனியாக வந்தவர். அவரிடம் நான் முறை கேட்கவில்லை. இரண்டு தனியாட்களுக்கு இடையில் என்ன முறை. குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "செத்தாப் பிறகாவது ஒண்டாக் கிடக்கினம். நாங்கள் அதுவரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

பொண்டி

அடுத்த நாள் ஞாயிறு. அறிவித்த இடத்திலேயே ரத்துச் செய்வதுதான் முறை என்று, முதலில் குடும்பக் குழுவில் எழுதினேன்: "நான் இன்றைக்கு மகள் வீட்டுக்குப் போகிறேன்." பதினாறு பேர் பார்த்தார்கள். ஒரு பெருவிரலும் எழும்பவில்லை. வானை எடுக்கவில்லை, வானோடு போனால் அங்கேயும் சாரதியாகத்தான் நிற்பேன் போலிருந்தது. ரெயில் ஏறி, கார் து நோர் நிலையத்தில் மாறி, பொண்டியில் இறங்கினேன். கையில் சோபியின் சரித்திரப் புத்தகம் இருந்தது. சும்மா வருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பதால், திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று சொல்ல ஒரு சாமான்.

கதவைத் திறந்தவள் மனைவி. விலகி வழிவிட்டாள். மருமகன் வேலைக்குப் போயிருந்தான். சோபி மேசையில் கரட் சீவிக்கொண்டிருந்தாள்; நிமிர்ந்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் சீவினாள். புத்தகத்தை மேசை ஓரத்தில் வைத்தேன். ஊதா மைக்குப் பக்கத்தில் இந்த வருடங்களில் நான் தமிழில் எழுதி எழுதி நிரப்பிய பக்கங்கள் தாமாகவே விரிந்தன. அவள் சீவுவதை நிறுத்தி வாசித்தாள். "அப்பாவைப் போல" என்ற வரிக்குக் கீழே நான் முதல்நாள் இரவு "ஓம்" என்று எழுதியிருந்தேன். அவள் அதைக் கண்டாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கரட்டை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். மூன்று கதிரை இருந்தது. ஒன்றிலும் இருக்க எனக்குத் துணிவு வரவில்லை. வாயில் நின்றது வாரா வாரம் கேட்கிற அந்தக் கேள்விதான். அதைக் கேட்கவும் துணிவு வரவில்லை.

அப்போது பேத்தி தன் சின்ன பிளாஸ்டிக் முக்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வயது. நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். என்னைக் கையால் காட்டி, தாயிடம் பிரெஞ்சில், இது யார் என்று கேட்டாள். சோபி என்னைப் பார்க்கவில்லை. கரட்டைப் பார்த்தபடியே பிள்ளைக்குத் தமிழில் பதில் சொன்னாள்: "அம்மப்பா. இருக்கச் சொல்லு."

இத்தனை வருடமாக வாரத்துக்கு ஒரு குடும்பத்திடம் முறை கேட்டு வாங்கியவனுக்குக் கேளாமல் கிடைத்தது அது ஒன்றுதான் என்பதால், அந்த முக்காலியில் முழங்கால் நாடியில் இடிக்க, வெர்சாய்ச் சீமாட்டி ஒருத்தியைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.