எதிர்வீட்டுப் பெட்ஷீற்

குளிர்காலம் முழுவதும் குசினி யன்னலோரம் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்த செவ்வந்திக் கன்றுகள். இங்கே வசந்தம் தொடங்கும் செப்டெம்பரில் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்த்து, கிரெய்கிபர்ன் வீட்டு முற்றத்தில் நட்டேன். வானிலை பார்க்க மட்டும் தோன்றவில்லை.

மறுநாள் காலை, கன்றுகளின் மேல் யாரோ பழைய பெட்ஷீற் ஒன்றைப் போட்டிருந்தார்கள். "என்ர முற்றம் என்ன குப்பைமேடோ?" என்று கத்தியபடி அதைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்தேன்.

அடுத்த காலை எல்லாக் கன்றுகளும் உறைபனியில் கருகிக் கிடந்தன. எதிர்வீட்டு அங்கிள் ஓடி வந்தார்.

"பிள்ளை, பனி கொட்டும் எண்டு நான்தானே மூடிவிட்டனான். ஏன் எடுத்தனீங்கள்?"

குப்பையில் எறிந்ததைச் சொன்னேன்.

"என்ர பிழைதான் பிள்ளை. உங்களிட்டச் சொல்லிப்போட்டு மூடியிருக்கோணும்."

அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் என் மனம் அன்றே ஆறியிருக்கும்.