அழிக்கச் சொன்ன படம்

தேர்வுக் கண்காணிப்பு முடிந்து, ஒப்படைத்திருந்த போனைத் திரும்ப வாங்கியபோது கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கூப்பிய கைகள். யாருக்கு என்று தெரிய மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அடையாள அட்டையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு முகம். எங்கள் நூலகர் தமயந்தி. மூளையில் ரத்தக்கசிவு. முந்தின நாள் மாலைதான் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் எனக்குக் கையசைத்துவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினார்.

அவரிடம் புத்தகம் வாங்கிய மாணவர்கள் உங்கள் எல்லோருக்கும் அவருடைய போனையும் தெரிந்திருக்கும். கணவர் ஏகாம்பரத்தின் படங்களைக் காட்டாமல் அவர் யாரையும் விட்டதில்லை. மாமல்லபுரத்தை அடுத்த ஒரு குப்பத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர் ஏகாம்பரம். இன்ஜினுக்குள் தலையை விட்டபடி, பனியனைத் திருப்பிப் போட்டபடி, வறுத்த மீனில் முள்ளைத் தேடியபடி, வாயைத் திறந்து தூங்கியபடி இருப்பார். ஒன்றில்கூடக் கேமராவைப் பார்க்கமாட்டார். "சிரின்னு சொன்னா பல்லுதான் மேடம் வரும், ஆளு வரமாட்டாரு" என்பார் தமயந்தி.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவர் அறியாமல் அவரைப் படமெடுத்து எல்லோருக்கும் காட்டுவது என்ன நியாயம் என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டே விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எடுத்ததை அன்றைக்கே கணவரிடம் காட்டிவிடுவாராம். வேண்டாம் என்று அவர் சொன்னால் அவர் எதிரிலேயே அழித்துவிடுவாராம். "அவரு மூஞ்சி மேடம். அவரு வச்சிக்கன்னாதான் வச்சிக்குவேன்." பத்துக்கு நாலு போய்விடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். கன்னம் ஒட்டித் தெரிந்தாலோ, மூச்சு வாங்குவதுபோல் இருந்தாலோ ஏகாம்பரம் ஒப்புக்கொள்ளமாட்டாராம். "இந்த வயசுல இன்னா ஷோக்கு பாருங்க."

போன வருடம் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் கரைக்கு நடந்தோம். ஏகாம்பரம் சட்டையைக் கழற்றிவிட்டுக் கடலில் இறங்கினார். அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். தமயந்தி பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏன் போனை எடுத்து அந்த முகத்தைப் படம்பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒருவர் அறியாமல் நான் எடுத்த படம் அது ஒன்றுதான். தமயந்தியின் வழக்கப்படி அவரிடமே காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அழிச்சிடுங்க மேடம். நான் இப்டி பயந்துகினு கீறது அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா எனக்காவ தண்ணியில காலே வைக்கமாட்டாரு. தண்ணி இல்லாம அவரால முடியாது."

அழித்துவிட்டேன் என்றேன். அழிக்கவில்லை. நல்ல படம். மனம் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். மாலை போட்டிருந்த படத்திலும் அதே அடையாள அட்டை முகம்தான், பெரிதாக்கியதில் புள்ளிபுள்ளியாகி இருந்தது. கூட்டம் கலைந்த பிறகு ஏகாம்பரம் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"எங்ககிட்ட இருக்குறது பூரா என் மூஞ்சிதான் மேடம். அவளோடது உங்ககிட்ட எதுனா கீதா?"

பைக்குள் போனைப் பிடித்துக்கொண்டேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பேசாமல் எடுத்துக் காட்டியும் இருக்கலாம். இரண்டும் முடியவில்லை. ஒன்று இருக்கிறது, அதை அழிக்கச் சொன்னார், அழித்ததாகப் பொய் சொல்லிவிட்டேன் என்றேன். ஏன் அழிக்கச் சொன்னார் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கா தெரியாது? அவ போன எடுத்தாலே பயந்துகினு கீறான்னு தெரியும். எடுத்துகினு போவட்டும்னு பாக்காத மாரி இருப்பேன். சீக்காளி மாரி வுழுந்தத மட்டும் அழிக்கச் சொல்லிடுவேன். இல்லன்னா அதையே பாத்துகினு கெடப்பா."

படத்தைத் திறந்து போனை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அவ வேணாம்னு சொன்னாளா? அப்போ வேணாம். அழிச்சிடுங்க."

அவர் எதிரிலேயே அழித்தேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை. பந்தல் பிரிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தமயந்தியின் படம் எதுவும் இப்போது என்னிடம் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, உரியவரிடம் காட்டிவிட்டுக் கேட்கிற வழக்கம் ஒன்றுதான். இதைக் கல்லூரி மலரில் அச்சிடக் கொடுப்பதற்கு முன் ஏகாம்பரத்துக்குப் போனில் முழுக்கப் படித்துக் காட்டினேன். ஓர் இடம் மட்டும் வேண்டாம் என்றார். எடுத்துவிட்டேன்.