ராசையாவின் கருநாக்கு

ராசையாவுக்குக் கருநாக்கு என்று பெயர் வைத்தவன் நான்தான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் குறித்துக்கொள்ளும் குமாஸ்தா. கையில் மை பென்சில். எச்சில் பட்டால்தான் அது அழுத்தமாக எழுதும். நக்கி நக்கி அவர் நாக்கு, நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்துக் கிடக்கும்.

"இன்னா நைனா, கருநாக்கா? நம்மள ஒண்ணும் சொல்லிடாத, பலிச்சிடப் போவுது!" என்றேன் ஒரு நாள். என்னோடு மூட்டை தூக்குகிற எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவ்வளவுதான் அந்தப் பெயரின் பூர்வீகம்.

ஐம்பத்தொன்றாம் வருடம் ஒரு காலை, கப்பலிலிருந்து மூட்டைகளைத் தூக்கி இறக்கும் கயிற்றைக் காட்டி, "அந்தக் கயிறு நைஞ்சிருக்குவே, அறுந்துரும்" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. பத்து நிமிடத்தில் அறுந்தது. எங்கள் கூட்டாளி வேம்புவுக்கு ஒரு கால் போயிற்று. கயிற்றை மாற்றாத மேஸ்திரியை ஒருவனும் கேட்கவில்லை. "கருநாக்கு சொன்னான், பலிச்சிடுச்சி" என்றார்கள். நானும் சொல்லித் தொலைத்தேன். வேம்புவின் பெண்டாட்டி பச்சையம்மா, ராசையாவின் முகத்துக்கு நேராக மண்ணை வாரித் தூற்றினாள்.

மை பென்சிலை வீசிவிட்டுச் சாதா பென்சில் வாங்கினார். ஒரு மாதத்தில் நாக்கு வெளுத்துவிட்டது. யார் பார்த்தார்கள்? அவர்தான் வாயையே திறப்பதில்லையே. எது கேட்டாலும் தலையாட்டல்தான்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், என் தம்பி குமாரவேல் அந்தரத்தில் தொங்கிய மூட்டைகளுக்குக் கீழே நின்றிருந்தான். ராசையா மேலே பார்த்தார். பேச வாயெடுத்தார். என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். கயிறு அறுந்தது.

தம்பியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அவரிடம் போனேன்.

"கயிறு நைஞ்சி கீறத பாத்தியா நைனா?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா, நாந்தான் கொன்னேன்னு சொல்லுவீரு."

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அம்மா கொடுத்த கஞ்சியைக் குடித்தேன். உப்பு இருந்ததா என்று தெரியவில்லை.

பால் ஊற்றிய மறுநாள் வேலைக்குப் போனேன். "கருநாக்கு வருது, தள்ளி நில்லு" என்றான் புதிதாகச் சேர்ந்த ஒருவன்.

"ராசையான்னு சொல்லுடா" என்றேன்.

"அது யாரு ராசையா?" என்று கேட்டான்.