சும்மா இருந்த கைகள்

மூன்று வருடங்களுக்கு முன், வைகாசி முகூர்த்தக் கூட்டம் காஞ்சிபுரத்துத் தெருக்களை அடைத்துக்கொண்டு நின்ற நேரம். ஒரு பட்டுப்புடவைக் கடையில் இருபது வருடமாகப் புடவை விரித்துக் காட்டிவந்த ஆள் நான். விரித்து விரித்து முட்டி தேய்ந்துவிட்டது. சூப்பர்வைசர் ஆனால் உட்கார நாற்காலி உண்டு. அதற்குப் பட்டம் வேண்டும் என்றார் முதலாளி. நாற்பத்தாறு வயதில் நிர்வாகப் படிப்பில் சேர்ந்தேன். வார விடுமுறை தோறும் ஷேர் ஆட்டோவில் ஏனாத்தூர் கல்லூரி, என் மகள் வயதுப் பிள்ளைகள் ‘அங்கிள்’ என்று நகர்ந்து இடம் கொடுக்கும் பெஞ்சு, கொட்டாவி, திரும்பவும் ஆட்டோ.

வேலை பார்க்கும் இடத்தில் நேரம் எங்கே வீணாகிறது என்று அளந்து அறிக்கை எழுதச் சொன்னார்கள் வகுப்பில். நான் புடவை மடிக்கும் மூலையைத் தேர்ந்தெடுத்தேன். வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று தள்ளியவை அங்கே மலைபோலக் குவியும். மடிக்க இரண்டு பெண்கள். ஒருத்தி மிஷின் மாதிரி. இன்னொருவர், ஐயம்பேட்டைக்காரர், அடிக்கடி எழுந்துபோய்க் கை கழுவுவார். திரும்பிவந்து உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

மூன்று நாள் மொபைலில் நேரம் பிடித்தேன். ‘சும்மா இருந்த நேரம்’ என்று சிவப்பில் எழுதினேன். ஒரு ஆளே போதும் என்று முடித்தேன். வகுப்பிலேயே அதிக மார்க். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

முதலாளியும் வாங்கிப் படித்தார். மறுவாரம் அந்த ஐயம்பேட்டை அம்மா வேலைக்கு வரவில்லை. நிறுத்திவிட்டார்கள். “உன் படிப்பு உடனே வேலைக்கு ஆவுதுப்பா” என்றார் முதலாளி. நான் சிரித்து வைத்தேன்.

சில நாளில் ஒரு கல்யாண வீட்டார் சந்தன நிறப் புடவையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஜரிகை ஓரத்தில் விரல் தடம். அடுத்து இன்னும் இரண்டு. மடிக்கும் பெண்ணைக் கேட்டதும் அழுதுவிட்டாள். இடையில் வைக்கும் மெல்லிய தாள் பறக்கும் என்று அந்த மூலையில் ஃபேன் போடுவதில்லை, கை வேர்க்கும். வெளிர் நிறத்தையெல்லாம் அந்த அக்காதான் கை கழுவி, காயவைத்து மடிக்கும் என்றாள்.

அவரைத் திரும்ப அழைத்துவர என்னையே அனுப்பினார்கள். ஐயம்பேட்டையில் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாலாஜாபாத் அரிசி ஆலை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார், தலையெல்லாம் தவிடு. தண்ணீர் கொடுத்தார். அந்த அறிக்கையை எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்படும் தெம்பும் இல்லை.

“தெரியும்ணா. மூணு நாளு எதுருலயே குந்திக்கினு எழுதினியே. ஏம்மா சும்மா குந்திக்கினு இருக்கன்னு ஒரு வார்த்தை என்னாண்ட கேட்டியா?”

கடைக்குத் திரும்ப வரச் சொல்லிக் கெஞ்சினேன். பாதி சிரிப்போடு தலையாட்டினார். “வேணாம்ணா. மில்லுல கை வேர்த்தா யாரும் எழுதிக்கிறது இல்ல.”

இப்போது நான் சூப்பர்வைசர். நாற்காலி இருக்கிறது, முட்டி வலியும் இருக்கிறது. யாராவது சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்று கேட்கிறேன். பதில் வர அரை நிமிடம்கூட ஆவதில்லை. அந்த மூன்று நாளில் நான் மிச்சம் பிடித்தது அந்த அரை நிமிடத்தைத்தான்.